பரிசுத்தமும் கூலிக்காரனின் கூலியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிறிஸ்தவர்களின் பரிசுத்த வாழ்வு குறித்துத் தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். அதிகாலை ஜெபம், உபவாசம், எளிய உடை, கேளிக்கைகளைத் தவிர்த்தல் ஆகியவற்றைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியவை நல்லவையே. அவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நம்மோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களை, குறிப்பாக நமக்காக உழைப்பவர்களை, நாம் எப்படி நடத்துகிறோம் என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வேதாகமமோ பரிசுத்தத்தை விரித்துச் சொல்லும் இடங்களில் இதைத்தான் மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டுகிறது. பிரசங்கங்களிலும் இந்த விடுபடல் பரவலாக இருப்பதால்தான் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். “உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்” என்ற கட்டளையோடு அது தொடங்குகிறது. அப்படியானால் பரிசுத்தமாய் இருப்பது எப்படி என்று கேட்பவருக்கு, தொடர்ந்து வரும் வசனங்கள் மறுமொழி தருகின்றன. வயலை அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசியாகிய அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும். கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை முதலாளியின் கையில் தங்கக்கூடாது. செவிடனை நிந்திக்கக்கூடாது, குருடன் வழியில் தடைக்கல்லை வைக்கக்கூடாது. தராசும் படியும் நியாயமாய் இருக்க வேண்டும். ஓய்வுநாளைப் பற்றியும் பலியைப் பற்றியும் சொல்லும் அதே மூச்சில் இவையும் சொல்லப்படுகின்றன. அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவனுக்கு அந்த இரவின் உணவே அந்தக் காசில்தான் இருக்கிறது. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரம் ஜெபித்தாலும், இந்த அதிகாரத்தின்படி அவர் பரிசுத்தத்தின் முதற்படியில்கூடக் கால் வைக்கவில்லை. புதிய ஏற்பாட்டிலும் யாக்கோபு, அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்கப்படாத கூலி கூக்குரலிடுகிறது என்றும், அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் எட்டியது என்றும் எழுதுகிறார்.

இப்படிச் சொன்னவுடன், இது நற்கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சொல்வதாகாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரட்சிப்பு கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு வருகிறது. பரிசுத்த வாழ்வு அதற்குக் கொடுக்கும் விலை ஆகாது. சகேயுவின் வீட்டில் நடந்ததைக் கூர்ந்து கவனித்தால் இந்த வரிசை தெளிவாகும். வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவனான அவன் கணக்கைச் சரிசெய்துவிட்டு இயேசுவை அழைக்கவில்லை. அவன் எதையும் செய்வதற்கு முன்பே, அவனுடைய வீட்டில் தங்கப் போவதாக இயேசுவே சொல்லிவிடுகிறார், ஊரார் முறுமுறுக்கிறார்கள், அதன் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய், அதாவது நான்கு மடங்காய்த் திருப்பித் தருவதாகவும் கூறுகிறான். ஏற்றுக்கொள்ளப்பட்டவனின் மனமாற்றம் அவனுடைய பணப்பையை எட்டிய விதம் அது. தேவன் நம்மை மன்னித்து ஏற்றுக்கொள்வதாகிய நீதிமானாக்கப்படுதல் முந்தியது, நம் வாழ்வு மாறுவதாகிய பரிசுத்தமாக்கப்படுதல் அதைத் தொடர்வது. ஆனால் முந்தியது மட்டும் போதும், தொடர்வது வந்தால் வரட்டும் என்று இருந்துவிட முடியாது. இந்த உறவைக் குறித்து நூற்றாண்டுகளாய்ப் பிரிந்து நின்ற கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் கையெழுத்திட்ட கூட்டறிக்கைகூட, நம் தகுதியால் அன்றிக் கிருபையினாலேயே தேவன் நம்மை ஏற்கிறார் என்றும், அப்படி ஏற்கும்போதே நற்செயல்களுக்கென்று நம்மைப் புதுப்பிக்கும் பரிசுத்த ஆவியைத் தருகிறார் என்றும் ஒருமித்துச் சொல்கிறது.

நம்மைப் பரிசுத்தமாக்கும் இந்த வேலையைச் செய்வது தேவனா, நாமா என்ற கேள்வியும் எழும். “அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்” என்று பிலிப்பியருக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறார். அவர் செய்வதால்தான் நாம் பிரயாசப்பட முடிகிறது. இவ்வுலகிலேயே ஒரு விசுவாசி அன்பில் பூரணப்பட முடியும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தின் முன்னோடியான ஜான் வெஸ்லி போதித்தார்; மரணம்வரை போராட்டம் ஓயாது என்று கால்வினின் வழிவந்த சீர்திருத்த மரபினர் சொல்கிறார்கள். அந்த விவாதத்தை இங்கே தீர்க்க நான் முற்படவில்லை. கூலியை உரிய வேளையில் கொடுக்க வேண்டும் என்பதில் இரு தரப்பாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

மனம் சோர்ந்துபோன விசுவாசிகளை நினைத்தும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் ஜெபித்தும் கோபம் அடங்கவில்லை, பழைய இச்சை விடவில்லை, நான் உண்மையில் கிறிஸ்தவன்தானா என்று கலங்குவோர் நம் சபைகளில் இருக்கிறார்கள். விரும்புகிற நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்ற ரோமர் 7ஆம் அதிகாரத்தின் கதறலில் அவர்கள் தங்கள் குரலையே கேட்கலாம். பாவத்தோடு சமாதானமாகிவிட்டவனுக்கு இந்தக் கலக்கம் வருவதில்லை. ஆகவே போராட்டம் இருப்பதையே தோல்வியின் அடையாளமாக எடுத்துக்கொண்டு அவர்கள் தளர்ந்துவிடக் கூடாது. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னித்துச் சுத்திகரிப்பார் என்று யோவான் எழுதியது விசுவாசிகளுக்குத்தான்.

பரிசுத்தம் போதகருக்கும் துறவியருக்கும் உரியது, கடை நடத்துபவனுக்கும் அலுவலகம் செல்பவளுக்கும் அந்த அளவு தேவையில்லை என்ற எண்ணமும் விட்டொழிக்கப்பட வேண்டியது. ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்துக்கொண்டிருந்த கொரிந்து சபையாரையே பவுல் பரிசுத்தவான்களாகும்படி அழைக்கப்பட்டவர்கள் என்று விளித்து, அந்த வழக்குகளுக்காக அவர்களைக் கடிந்தும் கொள்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964இல் வெளியிட்ட ஏட்டில், எந்நிலையில் வாழும் விசுவாசிக்கும் தூய வாழ்வுக்கான அழைப்பு உண்டென்று உறுதிப்படுத்தியது.

ஆகவே இப்பொருளில் தங்கள் நாளிதழ் மேலும் கட்டுரைகள் வெளியிடுமானால், ஜெபத்தோடும் உபவாசத்தோடும் கூலியையும் கடனையும் தராசையும் பற்றி எழுதும்படி கட்டுரையாளர்களைக் கேட்டுக்கொள்ளுமாறு பணிவோடு வேண்டுகிறேன். பிரசங்க பீடத்தில் நிற்போரும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை முழுமையாக வாசித்து, சபையாருக்கு வசனம் வசனமாக விளக்க முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்