நிறுவன நூல்களுக்குப் பின்னிணைப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை நூல் பக்கத்தில் சில வாரங்களாகப் பெருநிறுவனங்களைப் பற்றிய நூல்களுக்கு மதிப்புரைகள் வந்துகொண்டிருக்கின்றன. நாவலும் கவிதையும் மட்டுமே பேசப்பட்டுவந்த பக்கத்தில் கம்பெனிகளின் வரவு செலவும் பேசப்படுவதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த மதிப்புரைகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பாராட்டு உறுத்துகிறது. துப்பறியும் நாவலைப் போல விறுவிறுப்பாகப் போகிறது என்பதே அந்தப் பாராட்டு. முப்பத்து நான்கு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன் நான். இத்தகைய நூலைக் கையில் எடுத்தால், ஆசிரியர் எந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு இதை எழுதினார் என்பதைத்தான் முதலில் தேடுவேன். அந்தக் கேள்வியைத் தங்கள் மதிப்புரையாளர்களும் கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவே இக்கடிதம்.

2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக்கொள்வோம். புலியின் மேல் ஏறிவிட்டேன், அதற்கு இரையாகாமல் இறங்கும் வழி தெரியவில்லை என்ற பொருளில் அவர் எழுதிய வரி இன்றும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ரொக்கமும் வங்கி இருப்புமாகக் கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதே கடிதத்தில் அவர் ஒப்புக்கொண்டது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? வங்கியில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பணம் அது. வங்கியைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவேண்டிய தணிக்கையாளர்களோ, இருப்பை உறுதிசெய்யக் கோரும் கடிதங்களை அனுப்பும் வேலையையும் பதிலை வாங்கிவரும் வேலையையும் அந்நிறுவனத்தின் கையிலேயே விட்டிருந்தார்கள். அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2011 இல் பிறப்பித்த உத்தரவு இதை விவரித்து, அந்தத் தணிக்கை நிறுவனங்களுக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கடிதம் எப்படிப் பயணம் செய்யும் என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மார்ச் கணக்கு முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் அவை கிளைக்கு வந்து குவியும். பதிலை நேரே தணிக்கையாளரின் முகவரிக்கு அனுப்புமாறு கீழே எழுதியிருக்கும். ஆனால் பெரும்பாலும் அதைக் கொண்டுவருபவர் கம்பெனியின் ஆளாகவே இருப்பார். “சார், தபால்ல போட்டா லேட் ஆகும், சீல் போட்டு எங்கிட்டயே குடுத்திடுங்க, ஆடிட்டர் ஆபீஸ்ல நானே சேர்த்துடறேன்” என்று கவுண்ட்டருக்கு வெளியே நின்றுகொண்டு கேட்பார். நகைக்கடனுக்குப் பத்துப் பேர் வரிசையில் நிற்க, கணினி வேறு படுத்தியெடுக்க, நானும் ரப்பர் ஸ்டாம்பை அழுத்திக் கையெழுத்திட்டுப் பழுப்புக் கவரை அவர் கையிலேயே பலமுறை கொடுத்திருக்கிறேன். அந்தக் கவருக்குள் நான் வைத்த தாள்தான் தணிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. சத்யம் செய்தி வந்த அன்று ராஜுவின் புலிக்கு முன்பாக எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கவர்தான்.

பதினோரு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலும் இதுவே நடந்தது. மியூனிக் அருகே தலைமையகம் கொண்டிருந்த வயர்கார்டு என்ற பணப்பரிமாற்ற நிறுவனம் 2018 இல் அந்நாட்டின் முதன்மையான பங்குக் குறியீட்டில் இடம்பிடித்தது. அதன் கணக்கைச் சந்தேகித்து எழுதிய ஃபைனான்ஷியல் டைம்ஸ் செய்தியாளர்கள் மீதே ஜெர்மன் ஒழுங்காணையம் 2019 இல் குற்றப்புகார் கொடுத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், பிலிப்பைன்ஸின் இரண்டு வங்கிகளில் இருப்பதாகச் சொல்லப்பட்ட 190 கோடி யூரோ அங்கே இல்லை என்று தெரியவந்தது. அந்நிறுவனம் எங்கள் வாடிக்கையாளரே அல்ல, காட்டப்படும் ஆவணங்கள் போலியானவை என்று அவ்வங்கிகள் அறிவித்தன. ஒரு வாரத்திற்குள் வயர்கார்டு திவாலானது. அச்செய்தியாளர்களில் ஒருவரான டான் மெக்ரம் 2022 இல் இதை நூலாக எழுதினார். தப்பியோடிய அதிகாரி, உளவாளிகள், பின்தொடரும் துப்பறிவாளர்கள் எல்லாம் அதில் உண்டு. இத்தகைய நூலுக்கு எழுதப்படும் மதிப்புரைகளில் அந்த ஓட்டமே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வங்கியின் பதில் கடிதத்துக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது.

இவ்வகை எழுத்துக்கு முன்னோடியான அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல்லிடம் போனால் நான் சொல்லவருவது இன்னும் தெளிவாகும். ராக்கஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் வரலாற்றை அவர் மெக்ளூர்ஸ் இதழில் 1902 முதல் 1904 வரை தொடராக எழுதினார். அவருடைய தந்தை பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களில் தொழில் செய்தவர். ரயில் கம்பெனிகளும் பெரிய சுத்திகரிப்பாளர்களும் 1872 இல் இரகசியமாகச் செய்துகொண்ட கட்டண ஒப்பந்தத்தால் அடிபட்டவர்களில் ஒருவர். டார்பெல்லின் சகோதரர் போட்டி எண்ணெய் நிறுவனம் ஒன்றில் பொறுப்பில் இருந்தார். ஆகவே, குடும்பப் பகையைத் தீர்த்துக்கொள்கிறார் என்று அவரை எளிதாகத் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளிவிட முடியாதபடி அவர் செய்த காரியம், தாம் பயன்படுத்திய ஒப்பந்தங்களையும் சாட்சியங்களையும் நூலின் பின்னிணைப்பில் அப்படியே அச்சிட்டதுதான். ஸ்டாண்டர்டு போன்றோர் தங்கள் எண்ணெய்க்கு ரயில் கட்டணத்தில் தள்ளுபடி பெறுவதோடு, போட்டியாளர் செலுத்திய கட்டணத்திலிருந்தும் ஒரு பங்கைப் பெறுவதற்கு அந்த 1872 ஒப்பந்தம் வழிசெய்திருந்தது. எதிராளி அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் எனக்குக் கூலி வரும் என்றால், அதன் பிறகு போட்டி என்ற சொல்லுக்கே அங்கே வேலையில்லை. இதை நம்புவதற்கு டார்பெல்லின் நேர்மையை நாம் நம்பவேண்டியதில்லை. பக்கத்தைப் புரட்டி ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளலாம்.

அவருக்குக் கிடைத்த இன்னொரு தாள்கட்டின் கதையும் உண்டு. ஸ்டாண்டர்டு அலுவலகம் ஒன்றில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு பையனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு நாள் அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயர் திரும்பத் திரும்ப வருவதை அவன் கண்டான். அந்த ஆசிரியர் சொந்தமாகச் சுத்திகரிப்பு ஆலை நடத்தியவர். அவர் ரயிலில் எங்கே, எவ்வளவு எண்ணெய் அனுப்புகிறார் என்ற விவரம் ரயில்வே எழுத்தர்கள் வழியாக ஸ்டாண்டர்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பையன் அந்தத் தாள்களை எரிக்காமல் ஆசிரியரிடம் கொடுக்க, அவரிடமிருந்து அவை டார்பெல்லிடம் வந்துசேர்ந்தன. அதுவரை அவரைச் சந்தித்து விளக்கம் கொடுத்துவந்த ஹென்றி ரோஜர்ஸ் என்ற ஸ்டாண்டர்டு அதிகாரி, அந்தப் பகுதி அச்சில் வந்ததும் உறவை முறித்துக்கொண்டார். 1911 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கம்பெனியை உடைக்க ஆணையிட்டு, அது 34 நிறுவனங்களாகப் பிரிந்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அடுப்புக்குப் போகாமல் தப்பிய காகிதம்தான் பெரிதாகத் தெரிகிறது.

நம் நாட்டில் நிறுவனத்தைப் பற்றி எழுதுபவருக்கு ஆவணம் குடை போன்றது. வழக்கு என்ற மழை நிச்சயம் பெய்யும். ஏர் இந்தியாவின் வீழ்ச்சியைப் பற்றி அதன் முன்னாள் செயல் இயக்குநர் எழுதிய நூலை, வழக்கு வந்ததும் 2014 இல் பதிப்பகமே திரும்பப் பெற்றுக்கொண்டது. சஹாரா குழுமத்தைப் பற்றிய நூல் 200 கோடி ரூபாய் அவதூறு வழக்கைச் சந்தித்தபின், அந்நிறுவனத்தின் மறுப்புரையையும் சேர்த்து அச்சிட்டே அதே ஆண்டில் வெளிவந்தது.

தமிழுக்கு இந்த வகை எழுத்து புதிதல்ல. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல்கள் வருவதையும் போவதையும் எழுதப்போவதாகச் சொல்லி 1736 இல் நாட்குறிப்பைத் தொடங்கியவர். ஒரு கம்பெனி எப்படி அரசாகிறது என்பதை அதன் உள்ளேயே இருந்துகொண்டு தமிழில் எழுதிவைத்த மனிதர் அவர். அப்படிப்பட்ட மொழியில் இன்று நிறுவன நூல் என்றால், வெற்றிபெற்ற முதலாளியின் வாழ்க்கை வரலாறு, அல்லது உலகத்தையே ஆட்டுவிக்கும் சதி, இந்த இரண்டே பெரும்பாலும் கடையில் கிடைக்கின்றன. இரண்டிலும் தாள்களுக்கு இடம் குறைவு. சென்ற ஆண்டு புத்தகக் காட்சியில் ஒரு மொழிபெயர்ப்பை வாங்கினேன். மூலநூலில் இருந்த குறிப்புகளும் பொருளடைவும் தமிழ்ப் பதிப்பில் ஒரு பக்கம்கூட இல்லை. கடையில் இருந்தவரிடம் கேட்டதற்கு, “காகிதம் விக்கிற விலைல அதையெல்லாம் யார் சார் படிக்கப் போறாங்க?” என்றார். காகித விலை உண்மைதான். ஆனால் குறிப்புகளை எடுத்துவிட்டால் ஆவணத்தை வைத்து எழுதியவரும் கேட்ட கதையை எழுதியவரும் வாசகருக்கு ஒரே மாதிரித் தெரிவார்கள்.

எனவே எனது வேண்டுகோள் சிறியது. இனி நிறுவன நூல் எதற்கும் மதிப்புரை எழுதும்போது, அதில் குறிப்புகளும் பொருளடைவும் இருக்கின்றனவா, மொழிபெயர்ப்பு என்றால் அவை விடப்பட்டிருக்கின்றனவா என்பதை விலைக்கும் பக்க எண்ணிக்கைக்கும் பக்கத்தில் ஒரு வரியாகப் போடுங்கள். பதிப்பகங்கள் தாமே கவனிக்கத் தொடங்கும்.

இடம் இருந்தால் இன்னொன்றையும் யோசிக்கலாம். டார்பெல்லின் நூல் முதலில் இதழில் வந்த தொடர்தான். மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று சொல்லிப் பணம் திரட்டிய தமிழ்நாட்டு ஃபைனான்ஸ் கம்பெனிகள் தொண்ணூறுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மூடிய கதைக்குத் தமிழில் ஒரு முழுமையான நூல் இன்னும் என் கண்ணில் படவில்லை. அப்படிப் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காகவே 1997 இல் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. சிறப்பு நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இருக்கின்றன, சொத்துகளை முடக்கிய அரசாணைகள் இருக்கின்றன. மீதித் தாள்கள் வீடுகளில் இருக்கின்றன. என் மாமியார் தம் ஓய்வூதியப் பணத்தைப் போட்டு ஏமாந்த ஒரு நிறுவனத்தின் டெபாசிட் ரசீது, பிளாஸ்டிக் உறையோடு எங்கள் பீரோவில் இன்னும் இருக்கிறது. தங்கள் செய்தியாளர் எவரேனும் அந்தத் தொடரை எழுத முன்வந்தால், அந்த ரசீதின் நகலை முதலில் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்,
கும்பகோணம்.