இரண்டு காதும் மந்தமானவனுக்கு ஒரு மெஷின் போதுமா?

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
காது மெஷின் நிறுவனம்.

ஐயா,

உங்கள் நாகர்கோவில் கிளையில் கடந்த ஆனி மாதம் 38,500 ரூபாய் கொடுத்து இடது காதுக்கு ஒரு மெஷின் வாங்கினேன். பில்லும், உங்கள் ஆட்களே எடுத்த காது பரிசோதனைச் சீட்டும் நகலாக இத்துடன் இருக்கின்றன. அந்தச் சீட்டை முதலில் பாருங்கள். வலது காது 50 டெசிபல், இடது காது 55 டெசிபல் என்று போட்டிருக்கிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மந்தம்தான். இரண்டு மெஷின் வேண்டியிருக்குமா என்று நானே கேட்டேன். "ஒண்ணு போதும் அண்ணாச்சி, எந்தக் கூட்டத்துலயும் தெளிவா கேக்கும்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி.

மெஷின் மோசம் என்று சொல்ல வரவில்லை. வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. மழை ஓட்டில் விழுவதுகூடக் கேட்கிறது.

ஆவணியில் சொக்காரன் வீட்டுக் கல்யாணம். நோட்டு எண்ணிப் பழகிய கை என்று என்னைச் சுருள், அதாவது மொய், எழுத உட்கார வைத்தார்கள். மண்டபத்தில் தரை முழுக்க டைல்ஸ், சுவரெல்லாம் கிரானைட், மேலே வெறும் கான்கிரீட். மேளக்காரர்கள் என் இடப்பக்கம், சுருள் கொடுக்க வருகிறவர்கள் வலப்பக்கம். மெஷின் இருப்பதோ இடது காதில். மேளம் மண்டைக்குள் கொட்டியது. வந்தவர்கள் சொன்ன பேரும் ஊரும் கஞ்சி மாதிரிக் குழைந்து வந்தன. குளச்சல்காரர் ஒருவரைக் குலசேகரம் என்று எழுதிவிட்டேன். கடலோரத்து மனிதர் மலையடிவாரத்துக்குப் போய்விட்டார். சுருள் என்பது நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. மறுநாள் வீடு வீடாகப் போன் போட்டு நோட்டைத் திருத்தினோம். அந்த வெட்கத்துக்கு பில் கிடையாது.

31 வருஷம் நாகர்கோவில் - களியக்காவிளை ரூட்டில் இருந்தவன் நான். எஞ்சின் அலறும், ஜன்னல் கடகடக்கும். பின்னால் ஒருவர் வில்லுக்குறி என்பார், முன்னால் ஓர் அம்மா அழகியமண்டபம் என்பார். திரும்பிப் பார்க்காமலே யாருக்கு எந்த டிக்கெட் என்று கிழிப்பேன். அதை என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

உங்கள் சேவை எண்ணுக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் ஒரே பதில்: வால்யூமைக் கூட்டுங்கள். கூட்டினேன். மேளமும் சேர்ந்து கூடியது.

அப்புறம் அரசு மருத்துவமனையில் காது பரிசோதிக்கிற பிள்ளையிடம் போனேன். அவள் பொறுமையாக விளக்கினாள். வலப்பக்கம் இருந்து வரும் சத்தம் இடது காதுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போய்ச் சேருமாம். ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனாலும் மூளை அதைப் பிடித்துக்கொள்ளுமாம். நம் தலையே குறுக்கே நின்று ச, ட போன்ற கூர்மையான ஒலிகளை மறுபக்கம் மங்கலாக்குமாம். இந்த இரண்டு வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை எது எந்தத் திசை என்று பிரிக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியை ஒதுக்கி, முதலில் வந்த குரலைப் பிடிப்பதற்கும் இரண்டு காதும் வேண்டும். ஒரு காதில் எல்லாம் ஒரே குவியலாக விழும். 1953-லேயே காலின் செர்ரி என்ற ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்திருக்கிறார். இரண்டு பேச்சைக் கலந்து கொடுத்தால் பிரிக்கத் திணறியவர்கள், ஒவ்வொரு காதுக்கும் ஒரு பேச்சாகக் கொடுத்தபோது எளிதாகப் பிரித்தார்களாம். இவ்வளவு பழைய சமாச்சாரம், காது மெஷின் விற்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நம்பிக்கை இல்லையென்றால் சுசீந்திரம் கோயில் பிரகாரத்தில் கூட்டம் இருக்கும்போது போய் நில்லுங்கள். ஒரு காதை விரலால் இறுக அடைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். பிறகு விரலை எடுங்கள். நான் இந்தக் கடிதத்தில் எழுதியது அரை நிமிடத்தில் புரியும். நீங்கள் என்னைச் சோதித்ததோ கண்ணாடிக் கதவு போட்ட ஏசி அறையில், எதிரே ஒரே ஒரு ஆள் பேச. அங்கே ஒரு காது போதும்தான்.

இரண்டு மெஷின் மாட்டினாலும் பழைய காது திரும்பி வராது, சிலருக்கு ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள். அதனால் இலவசமாக எதுவும் கேட்கவில்லை. வலது காதுக்கும் இதே மாடலைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்துச் சரிசெய்து இரண்டு வாரம் தாருங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் போட்டுப் பார்க்கிறேன். பலன் இருந்தால் இரண்டாவதற்கான விலையைக் கொடுக்கிறேன். இல்லையென்றால் முதல் மெஷினையும் எடுத்துக்கொண்டு 38,500 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். "எந்தக் கூட்டத்திலும்" என்று சொல்லித்தானே விற்றீர்கள்?

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பதிலைப் போனில் சொல்ல வேண்டாம். போனில் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்