ஈரம் காயட்டும், தம்பி

பரமக்குடி

அன்பு மகனுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "நடக்க முடியலப்பா, ரெண்டு தொடையும் எரியுது, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்கிறாய். சொல்லவில்லை. போனில் பேசலாம் என்றால் இங்கே அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், அங்கே உன் அறையில் ஐந்தாறு பேர். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வெட்கத்தை விடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே நான் ஓய்வு பெற்றேன். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லும் ஆண்பிள்ளைகள், இந்த விஷயத்துக்கு மட்டும் வரிசையில் கடைசி ஆளாக நிற்பார்கள். கூட்டம் கலைந்ததும் கம்பிக்குள் தலையை நுழைத்து, "சார், அந்த இடத்துல..." என்று இழுப்பார்கள். கரிமூட்டம் போடுகிறவர், உப்பளத்தில் வேலை செய்கிறவர், லாரி ஓட்டுகிறவர், வாத்தியார், எல்லாரும்தான். வியர்க்கிற உடம்பில் இது வரும், அவ்வளவுதான்.

அடுத்து, உனக்கு வந்திருப்பது என்ன என்று பார். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு செல்போன் லைட்டில் பார்த்தால் போதும். தொடை இரண்டும் உரசுகிற இடத்தில் மட்டும் சிவந்து, மேல்தோல் வழண்டு, தண்ணீர் பட்டால் சுரீர் என்றால் அது உரசல் புண். அரிப்பைவிட எரிச்சல்தான் அதிகம் இருக்கும். அப்படி இல்லாமல் இடுக்கில் தொடங்கி தொடை மேல் வட்டமாகப் பரவி, ஓரம் மட்டும் தடித்துச் செதில் விட்டு, நடுவில் தெளிந்துகொண்டே போனால் அது படர்தாமரை. ராத்திரி அரிப்பில் தூக்கம் போகும். விதைப்பையும் சேர்ந்து சிவந்து, சுற்றிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம் இருந்தால் கேண்டிடா என்கிற வேறொரு பூஞ்சையாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. குடும்ப குரூப்பில் மட்டும் போட்டுவிடாதே.

நீ சொல்வதைப் பார்த்தால் உரசல் புண் மாதிரிதான் தெரிகிறது. கோடை தொடங்கி, ஷார்ஜாவில் காற்றில் ஈரமும் ஏறியிருக்கும். 45 டிகிரி வெயிலில்கூட காற்று உலர்ந்திருந்தால் வியர்வை காய்ந்து உடம்பு குளிர்ந்துவிடும். கடலோரப் புழுக்கத்தில் அது காயாமல் வழிந்து இடுக்கில் தேங்குகிறது. ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். காய்ந்தும் காயாமலும் இருக்கிற வியர்வையிலிருந்து உப்பு வேறு படிந்து உரசும். அதோடு ஒரு நாளைக்கு எத்தனை மாடி ஏறி இறங்குகிறாய்!

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இது. ஆறிய தண்ணீரில் கழுவு. அங்கே சோப்பு வேண்டாம். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் நன்றாகக் காயவிட்டு, மெல்லிசாக வாஸ்லைன் தடவு, அல்லது துத்தநாக ஆக்சைடு கலந்த கிரீம், குழந்தைகளுக்கு டயப்பர் புண்ணுக்குப் போடுவார்களே அது. ராத்திரி ஜட்டி போடாமல் கைலியோடு படு. இரண்டு மூன்று நாளில் எரிச்சல் அடங்க வேண்டும். பக்கெட் தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றிக் குளிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, அதை நிறுத்து. புண்பட்ட தோலை அது இன்னும் பொசுக்கும்.

தண்ணீர் குழாயிலேயே கொதிக்கிறது என்று போன வருஷமே சொன்னாய். மொட்டை மாடித் தொட்டி வெயிலில் கிடந்தால் அப்படித்தான். அந்த ஊரில் பல வருஷம் இருந்தவர்கள் கோடை வந்ததும் கீசரை அணைத்துவிடுவார்கள். பாத்ரூமுக்குள் இருக்கிற கீசர் தொட்டியில் தண்ணீர் தங்கி அறைச் சூட்டுக்கு ஆறிவிடும். அப்புறம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அதில்தான் குளிப்பார்கள். தொட்டி சின்னது என்பதால் முதலில் குளிக்கிறவனுக்குத்தான் அதிர்ஷ்டம். நீ முந்திக்கொள்.

இனி வராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டாய். சென்ட், பவுடர், வாசனை சோப்பு எல்லாம் இரண்டாம் பட்சம். ஈரத்தை எவ்வளவு நேரம் தோலில் விட்டுவைக்கிறாய் என்பதுதான் கணக்கு. குளித்து முடித்ததும் அவசரமாக ஜட்டியை ஏற்றுகிறோமே, அங்கேதான் பாதித் தவறு. அக்குள், தொடை இடுக்கு, விதைப்பைக்குப் பின்புறம், பிட்ட இடுக்கு, கால்விரல் சந்து, இவை காய இரண்டு நிமிஷம் கொடு. துண்டு விஷயத்திலும் இதே கதைதான். தேங்காய்ப்பூத் துண்டு பஞ்சு மாதிரி இருக்கும், ஆனால் ஏசி அறையில் மறுநாள் வரை காயாது. காசித்துண்டு ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். உனக்கென்று இரண்டு வைத்துக்கொள். அறையில் யார் துண்டையும் வாங்காதே, உன்னுடையதையும் கொடுக்காதே. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஜட்டி பற்றி ஊரில் எல்லாரும் "காட்டன் போடு, காட்டன் போடு" என்பார்கள். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது சரி. உன்னை மாதிரி நாள் முழுக்க வியர்க்கிறவனுக்குக் காட்டன் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஒன்று மதியம் மாற்ற வேண்டும், அல்லது சீக்கிரம் காய்கிற விளையாட்டுத் துணியில் தொடை பாதி வரை வருகிற ட்ரங்க் போட வேண்டும். தொடைக்கும் தொடைக்கும் நடுவில் துணி இருந்தால்தான் உரசல் நிற்கும். வி வடிவ ஜட்டியின் எலாஸ்டிக், சரியாக அந்த மடிப்பில் உட்கார்ந்து அறுக்கும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறதே, அந்த இடைவேளையில் சாப்பாட்டுக்கு முன்னால் துடைத்துக் காயவிட்டு வேறு ஜட்டி போடு. பையில் ஒரு காலி பாலித்தீன் கவர் இருந்தால் ஈரமானதைச் சுருட்டிப் போட்டுக்கொள்ளலாம்.

உயரத்தில் வேலை என்றால் சேஃப்டி பெல்ட்டின் கால் வார் வேறு. பேண்ட் மடிப்பின் மேலேயே அதை இறுக்கினால் அந்த மடிப்பு கயிறு மாதிரி தொடையை அறுக்கும். இறுக்குவதற்கு முன்னால் துணியைக் கீழே இழுத்து நீவிவிடு. வேலைக்குப் போகும் முன்பு உள்தொடையில் வாஸ்லைன் கொஞ்சம் தடவிக்கொண்டு போ. மாரத்தான் ஓடுகிறவர்கள் செய்வதுதான். புண் இல்லாத இடத்துக்குத் தேங்காய் எண்ணெயும் பரவாயில்லை.

பவுடர் போடுவாய் என்று தெரியும், சின்ன வயதிலிருந்தே உனக்கு அது பிடிக்கும். காய்ந்த தோலில் லேசாகப் போட்டால் தவறில்லை. ஏற்கெனவே வியர்த்த இடத்தில் கொட்டினால் திரண்டு உருண்டையாகி அதுவே உரசும். 2024-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை 'புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை' என்கிற பட்டியலில் சேர்த்தது. அதனால் பயந்து நடுங்க வேண்டாம், அறை முழுக்கப் புகை கிளம்பப் போடவும் வேண்டாம்.

அக்குள் நாற்றத்துக்கு ஒரு வார்த்தை. வியர்வைக்கென்று வாடை கிடையாது. அக்குளிலும் இடுக்கிலும் இருக்கிற ஒருவகைச் சுரப்பியின் கசிவைத் தோலில் இருக்கிற பாக்டீரியா உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. அதன் மேல் சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவது ஒன்று வரும். முடியைக் கத்தரித்து வைத்தால் சோப்பு தோல் வரை போகும். மழிக்க வேண்டியதில்லை. கீழே மழித்தால் முளைக்கிற முடி குத்தியே பாதிப் புண் வரும். ட்ரிம்மர் உன்னுடையதாக இருக்கட்டும். வியர்வையையே குறைக்க வேண்டும் என்றால் அலுமினிய உப்பு கலந்த ரோல்-ஆன் இருக்கிறது. எல்லாரும் காலையில் வியர்க்க வியர்க்கப் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். ராத்திரி படுக்கும்போது காய்ந்த அக்குளில் போட வேண்டும், அப்போதுதான் வியர்வைத் துளைக்குள் போய் அடைக்கும். தொடை இடுக்கில் அதைப் போடாதே.

காலையும் பார்த்துக்கொள். அந்த இரும்பு முனை ஷூ ஒரு நாளில் காயாது, முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றிப் போடு. விரல் சந்தில் சேற்றுப்புண் இருந்தால் உடை மாற்றும்போது சாக்ஸைப் போட்டுவிட்டு அப்புறம் ஜட்டியைப் போடு. பாதத்துப் பூஞ்சை துணியில் ஒட்டி மேலே ஏறுவது இப்படித்தான். கேட்கச் சிரிப்பாக இருக்கும், தோல் டாக்டர்கள் சொல்வதே இது.

இடுப்பில் கட்டியிருக்கிற அரைஞாண் கயிறு ஊறி ஊறிக் கறுத்துப் போயிருக்கும். அதன் அடியில் வட்டம் வட்டமாக இருக்கிறதா பார். இருந்தால் அறுத்துப் போடு. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், வேண்டுமானால் வெள்ளியில் வாங்கிக் கொடுக்கட்டும்.

இனி நான் எழுத உட்கார்ந்ததற்கான முக்கியக் காரணம். உன் அறையில் யாராவது லீவு முடிந்து ஊரிலிருந்து வரும்போது ஒரு ட்யூப் கொண்டுவந்திருப்பான். "இதைப் போடு மாப்பிள, ஒரே நாள்ல கேக்கும்" என்பான். கேட்கவும் செய்யும், அதுதான் ஆபத்து. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒன்றாகக் கலந்த ட்யூப் அது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அமுக்கிவிடும், தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமுக்கும். பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும், மறுபடி தடவுவான். என் ஜன்னலுக்கு ஒருவர் வந்தார், லாரி டிரைவர். மாதக்கணக்கில் தடவியிருக்கிறார். உள்தொடையில் தோல் சிகரெட் தாள் கனத்துக்கு மெலிந்து, பிள்ளை பெற்ற வயிற்றில் இருக்கிற மாதிரி வரிவரியாக விழுந்திருந்தது. வட்டமே இல்லை, இடுப்பு வரை பரவியிருந்தது. மதுரை பெரியாஸ்பத்திரியில் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் வைத்து, காரக் கரைசல் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் பூஞ்சை என்று உறுதியானது. குணமாகப் பல மாதம் ஆனது. அந்த வரிகள் போகவேயில்லை.

அட்டையைப் படித்து வாங்கு. கிளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல் என்பது பூஞ்சை மருந்து மட்டும். முதலாவதும் கடைசியும் அவசரத்தில் படித்தால் ஒன்று போலவே தெரியும், கடைக்காரரே மாற்றி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்குப் போடுகிற விட்ஃபீல்ட் களிம்பை அனுப்பச் சொல்லாதே. அமிலம் அது, கால் தோலுக்குச் சரி, இடுக்கில் பட்டால் கத்துவாய்.

படர்தாமரை என்றால் டாக்டரிடம் போ. கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டு எதற்கு இருக்கிறது? நம் பக்கத்தில் இப்போது பரவுகிற பூஞ்சையில் ஒரு வகை, டெர்பினாஃபின் என்கிற பூஞ்சை மாத்திரைக்கு எளிதில் மசிவதில்லை. 2020-இல் அதற்கு 'இன்டோடினியே' என்று நம் நாட்டை வைத்தே பெயர் வைத்துவிட்டார்கள். இதைச் சொல்லித்தான், நீயாக மருந்து மாற்றி மாற்றிப் போடாதே என்கிறேன். கிரீம் கொடுத்தால் வட்டத்தின் விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவு. மறைந்ததும் நிறுத்திவிடாமல் டாக்டர் சொன்ன நாள் முழுக்கப் போடு. துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்பக்கம் திருப்பித் தையல் ஓரங்களில் அயர்ன் போடு.

இன்னொன்றும் கேட்க வேண்டும். முன்தோலுக்கு அடியில் அரிப்பு, வெள்ளையாகப் படிவது, வெடிப்பு என்று அடிக்கடி வருகிறதா? தினமும் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தாலே சாதாரணமாக வராது. கழுவியும் திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரை பார்க்க வேண்டும். உன் தாத்தாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. உனக்கும் ராத்திரி பரோட்டாவில் தொப்பை போட்டிருக்கிறது, வீடியோ காலில் தெரிகிறது. எதற்கும் வெறும் வயிற்றில் ஒரு தடவை பார்த்துவிடு.

பக்கத்துத் தெருப் பையன் அடுத்த வாரம் துபாய் வருகிறான். இரண்டு காசித்துண்டு, இரண்டு கைலி, தொடை வரை வருகிற ட்ரங்க் அரை டஜன் கொடுத்து அனுப்புகிறேன். இடுப்பு 34 என்று எடுத்திருக்கிறேன், 36 ஆகிவிட்டால் உடனே சொல். நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் அந்தப் பையில்தான் இடம் வேண்டும் என்று அம்மா நிற்கிறாள். துணியெல்லாம் எதற்கு என்று கேட்டாள், அங்கே விலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

புண் எப்படி இருக்கிறது என்று வியாழக்கிழமைக்குள் எழுது. சர்க்கரை அளவையும் அதிலேயே போடு.

அப்பா