74 நாள் யாருடைய கணக்கு?

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. "கண்ணாடிதானே அப்பா கடைசியில் வந்தது, ஏதாவது ஒரு தொகைக்கு ஒத்துப்போய் முடித்துவிடக் கூடாதா?" என்றாய். மெயின் கான்ட்ராக்டர் பக்கம் உட்கார்ந்து திட்டமிடும் வேலை பார்க்கிறாய். உன் கண்ணுக்கு அப்படித் தெரிவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடைசியில் வந்த பொருள் வேறு, தாமதத்துக்குக் காரணமான பொருள் வேறு என்றுதான் நான் இத்தனை வாரமாக இந்தக் கட்டடத்தின் மெயின் கான்ட்ராக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை உனக்கும் தேதி வாரியாக எழுதிவிடுகிறேன்.

ஜன்னல் கண்ணாடி மே 17-ஆம் தேதி சைட்டுக்கு வந்திருக்க வேண்டும், ஜூலை 30-இல்தான் வந்தது, ஆகவே 74 நாள் தாமதமும் ஜன்னல் சப் கான்ட்ராக்டரான என்னையே சேரும் என்று எழுதி, என் கடைசி இரண்டு பில்லிலும் எல்.டி. பிடித்தத்தை, அதாவது தாமதத்துக்கென ஒப்பந்தத்தில் முன்பே பேசிவைத்த இழப்பீட்டுப் பிடித்தத்தை, போட்டுவிட்டார்கள். இரண்டு தேதிகளும் சரியானவைதான். அவற்றுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதை மட்டும் அந்தக் கடிதம் சொல்லவில்லை.

ஜன்னலுக்குப் போடும் டஃபன்ட் கண்ணாடியைப் பற்றி உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். 620 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, இரு பக்கமும் காற்றடித்துச் சட்டென்று குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு வெட்டவோ துளையிடவோ போனால் முழுக் கண்ணாடியும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். அதனால் சரியான அளவு கைக்கு வராமல் ஆர்டர் போட வழியே கிடையாது. சுவர் பூச்சை முடித்து, ஜன்னலுக்காகச் சுவரில் விட்ட திறப்புகளை அவர்கள் என்னிடம் ஒப்படைக்காதவரை அந்த அளவும் கைக்கு வராது.

ஒப்பந்த அட்டவணைப்படி மூன்றாம், நான்காம் தளத் திறப்புகளை ஏப்ரல் 1-இல் ஒப்படைத்திருக்க வேண்டும். ஜூன் 5-இல்தான் ஒப்படைத்தார்கள். சுவர் கட்டும் பிளாக் அவர்களுக்கே ஏழு வாரம் பிந்தி வந்தது. பூச்சு அதற்குப் பின்னால் இழுத்தது. ஏப்ரலில் நான் சும்மா இருக்கவில்லை. பூசாத சுவரிலேயே அளவெடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தளத்தின் மேற்கு ஓரத் திறப்பு, டிராயிங்கில் 1,800 மில்லிமீட்டர், நேரில் மேலே 1,806, கீழே 1,788. அந்த எண்களைப் பென்சிலால் சுவரிலேயே எழுதி, டேப்பைப் பக்கத்தில் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன். பூச்சு முடிந்து ஜூன் 6-இல் அதே இடத்தை அளந்தபோது 1,764 இருந்தது. அவசரப்பட்டு ஏப்ரல் அளவுக்கு ஆர்டர் போட்டிருந்தால் ஒரு கண்ணாடியும் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்காது. அத்தனையும் கழிவுக்குத்தான் போயிருக்கும்.

திறப்பு கைக்கு வந்த நாலாவது நாள், ஜூன் 9-இல், ஆர்டர் போய்விட்டது. ஏப்ரல் 1-இல் கொடுத்திருந்தால் ஏப்ரல் 5-இல் போயிருக்கும். 65 நாள் வித்தியாசம். தயாரிப்புக்கு ஆறு வாரம் என்பது முதல் நாளிலிருந்தே அவர்கள் ஏற்றுக்கொண்ட கால அளவு. அந்தக் கணக்கில் ஜூலை 21-இல் வந்திருக்க வேண்டிய கண்ணாடி 30-இல் வந்தது. அந்த 9 நாள் என்னுடையது. வண்டியில் ஒரு பெட்டி சரிந்து பதினொரு கண்ணாடிகள் உடைந்தன. டஃபன்ட் என்பதால் வேறு கண்ணாடியை வெட்டிப் பொருத்த முடியாமல் புதிதாகவே செய்ய வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் அதே தளங்களில் மின்குழாய்க்காகச் சுவரை அவர்கள் உடைத்துக்கொண்டிருந்தது உண்மைதான். பிரிட்டனின் கட்டுமானச் சட்டச் சங்கம் 2002-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய தாமத நெறிமுறையைக் காட்டி, இருவர் தாமதமும் ஒரே நேரத்தில் ஓடியது, ஆகவே கால நீட்டிப்பு வேண்டும் என்று வாதாட முடியுமா என்று நம் வழக்கறிஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். சப்ளையரைத் தேர்ந்தெடுத்தவன் நான். பெட்டி சரிந்தது என் பொறுப்பு.

இன்னொன்றையும் நான் கேட்கவில்லை, அது உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பிப்ரவரி 3-இல் நான் ஒப்புதலுக்குக் கொடுத்த ஷாப் டிராயிங்கை, அதாவது ஜன்னல் செய்வதற்கான விவர வரைபடத்தை, 14 நாளில் திருப்பித் தர வேண்டியவர்கள் 41 நாள் வைத்திருந்து மார்ச் 16-இல் தந்தார்கள். அந்த 27 நாளையும் சேர்த்துவிடலாம் என்று நம் ஃபோர்மேன் மிகவும் வற்புறுத்தினார். ஆனால் திறப்பு வர வேண்டிய ஏப்ரல் 1-க்கு முன்பே டிராயிங் வந்துவிட்டதே! இடையில் இருந்த அவகாசம் அதை விழுங்கிவிட்டது. 1950-களின் இறுதியில் டுபாண்ட் நிறுவனத்தில் உருவான, எந்த வேலை பிந்தினால் மொத்த வேலையும் பிந்தும் என்று காட்டும் கிரிட்டிக்கல் பாத் முறையை, நீ கல்லூரியில் படித்த நாட்களில், சாப்பாட்டு மேசையில் எனக்கு வரைந்து காட்டினாய். வேலை முடியும் தேதியைத் தள்ளாத தாமதம் கணக்கில் வராது என்று அன்று நீ சொன்னதை எனக்குப் பாதகமான இடத்திலும் நான் மறக்கவில்லை.

என் பக்கத்தில் ஒரு பலவீனம் உண்டு; அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். மெயின் ஒப்பந்தம் ஃபிடிக் 1999 என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்த வகையைச் சேர்ந்தது. அதில் தாமத அறிவிப்புக்கு 28 நாள் அவகாசம். எனக்குக் கொடுத்த உப ஒப்பந்தத்தில் அதை 14 நாளாகச் சுருக்கியிருந்தார்கள். ஏப்ரல் 9-ஆம் தேதியே, அதாவது எட்டாவது நாளே, திறப்பு வரவில்லை என்று எழுத்தில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். அதற்குப் பதில் வரவே இல்லை. ஆனால் மே 12 சைட் கூட்டக் குறிப்பில் "ஜன்னல் அளவெடுப்பு நிலுவை: ஜன்னல் சப் கான்ட்ராக்டர்" என்று எழுதியிருந்த வரியின் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூட்டம் முடிய இரவாகிவிட்டது, ஆட்கள் கீழே கூலிக்காகக் காத்திருந்தார்கள், படிக்காமல் போட்டுவிட்டேன். மறுப்புக் கடிதத்தை மே 26-இல்தான் கொடுத்தேன். அந்த ஒரு வரியைத்தான் இப்போது ஒவ்வொரு கடிதத்திலும் எடுத்து எழுதுகிறார்கள். அளப்பதற்கு இடமே கொடுக்காமல் அளவெடுப்பு நிலுவை என்பது எப்படி என் நிலுவையாகும் என்று நான் கேட்கிறேன். ஆனாலும் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

ஒத்துப்போய்விடலாம் என்றாய். 9 நாளுக்கு ஒத்துப்போக இன்றைக்கே தயார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். 74-க்கு ஒத்துப்போனால் போவது பணம் மட்டுமல்ல. அடுத்த டெண்டரில் "காலதாமதம் செய்தவர்" என்ற பெயர் எனக்கு முன்னால் போய் நிற்கும். என்னை நம்பி இருக்கும் பதினான்கு ஃபிட்டர்களுக்கும் வேலை இருக்காது.

வரும் வியாழக்கிழமை கூட்டம். தேதிப் பட்டியலையும், ஏப்ரல் 9 கடிதத்தையும், சுவரில் எழுதிய அளவின் படத்தையும் தனியாக அனுப்பியிருக்கிறேன். மகளாக இல்லாமல், எதிர்ப்பக்கத்துத் திட்டமிடல் பொறியாளராகப் பார். ஏப்ரல் 1 முதல் ஜூன் 5 வரை உள்ள வரிசையில் நான் எங்காவது ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டிருந்தால், புதன்கிழமைக்குள் சொல்லிவிடு; திருத்திக்கொண்டே போகிறேன்.

அன்புடன்,
அப்பா