காமிராவுக்கு முன் மைக் வாங்குங்கள்

பள்ளி, பல்கலைக்கழகங்களில் காணொளி வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

வகுப்பறைதோறும் காமிரா மாட்டிப் பாடங்களை நேரலையில் விடுவது பற்றி நீங்கள் கூடிப் பேசும்போது விற்பனையாளர் இருப்பார், கணக்கு அதிகாரி இருப்பார். இரவு ரெக்கார்டிங்கைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், ஒண்ணுமே கேக்கலை" என்று எழுதுகிற மாணவர் மட்டும் அங்கே இருக்கமாட்டார். விரிவுரைகளைப் பதிவுசெய்து ஏற்றும் வேலையைப் பல வருடம் பார்த்தவன் நான். அந்த மாதிரிக் கடிதங்கள் என்னிடம்தான் வந்து சேரும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அருமையான காமிரா வாங்கி அறையின் பின்சுவரில் பொருத்தினார்கள். ஆசிரியரின் சட்டைப் பொத்தான்கூடத் தெளிவாகத் தெரியும். ஒலிக்கு அந்தக் காமிராவிலேயே இருந்த மைக்தான். ஒரு பருவம் முழுக்க நாற்காலி இழுபடும் சத்தத்தையும் மின்விசிறி இரைச்சலையும் பதிவுசெய்தோம். படம் மங்கினால் பிள்ளைகள் நோட்டைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வார்கள். குரல் போனால் பாடமே போச்சு. ஆசிரியருக்கு ஒரு காலர் மைக் கொடுங்கள். பெஞ்சிலிருந்து வரும் கேள்வியை அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லட்டும். காசு செலவில்லாத இந்தப் பழக்கத்துக்கு நான் கெஞ்சியதைப் போல வேறெதற்கும் கெஞ்சியதில்லை.

அடுத்தது டேட்டா. விநாடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் 675 மெகாபைட்டைத் தின்றுவிடும். நாளுக்கு ஐந்து வகுப்பு என்றால் 3 ஜிபிக்கு மேல். அதே பாடத்தின் குரலை மட்டும் விநாடிக்கு 32 கிலோபிட்டில் வைத்தால் மணிக்கு 15 மெகாபைட்கூட ஆகாது. பேச்சுக்கு அது தாராளம். குரலையும் ஸ்லைடுகளையும் தனித்தனியாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வையுங்கள். வளாகத்துக்குள்ளும் கணக்கு இதேதான். ஒரே பாடத்தை 200 பேர் திறந்தால் சாதாரண முறையில் 200 பிரதிகள் தனித்தனியாகப் போகின்றன, அதாவது விநாடிக்கு 300 மெகாபிட். வளாகத்திலேயே ஒரு சர்வரில் பிரதி வைத்தால் வெளி இணைய இணைப்பாவது தப்பிக்கும்.

இணைப்பின் வேகத்துக்கு ஏற்பப் படத்தின் தரத்தை மாற்றிக்கொள்ளும் வசதி புதிதல்ல. ஆப்பிளின் எச்எல்எஸ் என்ற காணொளி அனுப்பும் முறை 2009-இலேயே வந்துவிட்டது. காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருப்பார்கள். இணைப்பு தளரும்போது பிளேயர் தானாகத் தரம் குறைந்த துண்டுக்கு மாறிக்கொள்ளும். ஆனால் ஒரே தரத்தில் ஒரு பெரிய கோப்பை ஏற்றிவிட்டு, "பஃபரிங் ஆகுதா? உங்க நெட்வொர்க் சரியில்லை" என்று மாணவர்மேல் பழிபோடும் இடங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, நேரலைக்கு வருவோம். இந்தத் துண்டு முறையில், தனியாகச் சீர்செய்யாவிட்டால், படம் 10 முதல் 30 விநாடி தாமதமாகத்தான் போய்ச் சேரும். "புரிந்ததா?" என்று ஆசிரியர் கேட்டு, பதில் வருவதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருப்பார். உரையாடல் வேண்டுமென்றால் வெப்ஆர்டிசி போன்ற, ஒரு விநாடிக்குள் போய்ச் சேரும் நுட்பம் வேண்டும். உரையாட வழியில்லாத நேரலை இரண்டுங்கெட்டான். அதற்குப் பதிவே மேல். நோயில் படுத்திருக்கும் பிள்ளை தன் வகுப்போடு சேர்ந்திருக்க, தொலைவிலிருக்கும் நிபுணரிடம் கேள்வி கேட்க நேரலை அவசியம்தான். தினசரி இயற்பியல் வகுப்புக்கு அது எதற்கு?

ஸ்டுடியோ கட்டும் யோசனை இருந்தால் ஒரு தகவல். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட விதத்தை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. காணொளி எத்தனை நீளமானாலும் மாணவர்கள் பார்த்தது நடுமதிப்பில் 6 நிமிடத்துக்குள்தான். பெருஞ்செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் எளிமையாக எடுத்தவை நன்றாக எடுபட்டன. அதற்காக எல்லாப் பாடத்தையும் ஆறு நிமிடமாக வெட்டச் சொல்லவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை முழு விரிவுரையில் ஒரே ஓர் இடத்தைத் தேடி வருவார். எந்த நிமிடத்தில் எந்தத் தலைப்பு என்று நாலு வரிக் குறிப்பு போட்டால் அவருக்குப் போதும்.

சப்டைட்டிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். கேட்கும் திறன் குறைந்தவர்களால் பயன்படுத்த முடியவில்லை என்று அமெரிக்க நீதித்துறை சுட்டிக்காட்டிய பிறகு, பெர்க்லி பல்கலைக்கழகம் 2017-இல் 20,000-க்கு மேற்பட்ட காணொளி, ஒலிப் பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. சேர்ந்துபோன மலையைத் திருத்துவதைவிட அகற்றுவது அவர்களுக்குச் சுலபமாகப் பட்டது. இயந்திரம் எழுதித் தரும் சப்டைட்டில் கலைச்சொற்களில் சொதப்பும். திருத்த ஓர் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள்.

அப்புறம், காமிரா ஆசிரியரையும் பலகையையும் மட்டும் பார்க்கட்டும், பிள்ளைகளின் முகங்களை வேண்டாம். பதிவுகளை எத்தனை காலம் வைப்பீர்கள், யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆசிரியரை வேவு பார்க்க அவற்றை எடுக்கமாட்டோம் என்பதையும் அதில் சேருங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் விற்பனையாளரிடம் உண்மையான வகுப்பு ஒன்றின் முழுப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், கையடக்கத் திரையில், நாற்பது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ரெக்கார்டிங் அறையில் ஹெட்போனும் கையுமாக இருந்தவன்