குடிபோதை மறுவாழ்வு மையங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

பல மையங்களின் சேர்க்கைப் படிவத்தில் 'மனைவி பெயர்' என்றொரு கட்டம் இருக்கிறது. தன்பாலீர்ப்புள்ள ஒருவர் உங்களிடம் மறைக்கத் தொடங்குவது அங்கேதான். பிறகு, எப்போதெல்லாம் குடிக்கத் தோன்றுகிறது என்று எழுதச் சொல்கிறீர்கள். "சம்பள நாளில், நண்பர்களோடு" என்று எழுதித் தருவார். வீட்டில் கல்யாணப் பேச்செடுத்த இரவுகளும், காதலனைப் பார்க்கப் போகுமுன் பயம் தெளியக் குடித்த குவார்ட்டரும் அதில் வராது. அந்தத் தாளை நம்பி நீங்கள் போடும் திட்டம் அவர் வீடு திரும்பிய முதல் வாரமே உடைகிறது.

குடும்பத்தார் இல்லாத அறையில் கேளுங்கள்: "உங்களுக்கு நெருக்கமானவர் யார்?" பதிலை யார் யார் படிப்பார்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். குடியை நிறுத்திய முதல் சில நாட்களில் கேட்க வேண்டாம். கடைசியாகக் குடித்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்குப் பிதற்றல் வரும். அப்போது வாயில் வரும் பெயரை வார்டு ஊழியர் வெளியே சொல்லவே கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த இரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. குடிநோயும் அச்சட்டத்துக்குள் வருகிறது.

அதே சட்டத்தின் 14ஆம் பிரிவைப் பலரும் பயன்படுத்துவதில்லை. வயதுவந்த எவரும் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணைநிற்கும் பிரதிநிதியை நியமிக்கலாம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை. இதைச் சேர்க்கையின்போதே எடுத்துச் சொன்னால், கூடவே வாழும் துணை வராந்தாவில் நிற்க, எங்கோ இருக்கும் பெரியப்பா முடிவெடுக்கும் நிலை வராது. பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கு இது இன்னும் அவசியம். பலரை வீட்டார்தான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

குடிக்காமல் ஒருவரை நெருங்குவது பலருக்கு வாழ்வில் முதல் முறையாக இருக்கும். ஆலோசகர்கள் பெரும்பாலும் இதைப் பேசுவதில்லை. மறுபடி குடிக்க வைப்பதில் இந்தத் தயக்கத்துக்கும் பங்கு உண்டு. முதல் சந்திப்பு பகலில், பார் இல்லாத இடத்தில் இருக்கட்டும். மனம் தடுமாறினால் அழைக்க ஓர் எண் கையில் இருக்கட்டும்.

"கல்யாணம் பண்ணிவைத்தால் திருந்திவிடுவான்" என்று குடும்பத்தார் கேட்டால் உடன்படாதீர்கள். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று தடைசெய்துவிட்டது. மது குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கவும் விடாதீர்கள். அதை அறியாமல் மது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

அடுத்த நோயாளி வருமுன் அந்தக் கட்டத்தை 'நெருங்கியவர் பெயர்' என்று மாற்றி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
குடிநோய் மீட்பில் பணிபுரியும் தன்பாலீர்ப்பாளர்கள்