தூணை முதலில் லண்டனில் பார்

கண்ணு,

ரோமுக்கு டிக்கெட் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போய் வா. ரோமப் பேரரசர் டிராஜன் டேசியர்களை (இன்றைய ருமேனியா பக்கத்தவர்கள்) வென்ற கதையை அடியிலிருந்து உச்சிவரை சுருளாகச் செதுக்கிய தூண்தான் ரோமில் நிற்கும் டிராஜன் தூண். அதன் பிளாஸ்டர் வார்ப்பு அங்கே இருக்கிறது, 1864இல் வாங்கியது. கூரைக்குள் அடங்காமல் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள். நமக்கு அது லாபம்தான்: மேல்பாதி தரைக்கு இறங்கி வந்திருக்கிறது. பிற்பாடு புகையும் மழையும் அரித்துவிட்ட நுணுக்கங்கள் சில அதில் பிழைத்தும் இருக்கின்றன.

ரோமில் உயரம்தான் தொல்லை. பீடத்தோடு சுமார் 35 மீட்டர். அதில் 23 சுற்று, 2,500க்கு மேல் உருவங்கள். பைனாகுலர் இல்லாமல் போகாதே. செதுக்கல் ஆழம் குறைவு. உச்சி வெயிலில் நிழல் விழாமல் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையோ மாலையோ சாய்வெயிலில் போ.

கதை இடமிருந்து வலமாகச் சுற்றி ஏறுகிறது. அதன் பின்னாலேயே சுற்றினால் தலைதான் சுற்றும். ஓரிடத்தில் நின்று செங்குத்தாகப் பார். அடியில் டான்யூப் நதித் தெய்வம், நடுவில் கேடயத்தில் எழுதும் வெற்றித் தேவதை, உச்சியை நெருங்கும்போது டேசிய அரசன் டெசிபாலஸின் தற்கொலை. மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வரும். தேவதைக்குக் கீழே கி.பி. 101–102 போர், மேலே 105–106 போர்.

சண்டை நீ நினைப்பதைவிடக் குறைவு. மரம் வெட்டுகிறார்கள், கோட்டை கட்டுகிறார்கள், பலி கொடுக்கிறார்கள். டிராஜன் கிட்டத்தட்ட அறுபது இடத்தில் வருகிறார், ஒன்றில்கூட வாள் வீசவில்லை. செத்துக் கிடப்பவர்கள் டேசியர்கள். ரோமானியருக்குக் காயம் மட்டும், அதற்கும் கட்டுப் போடுகிறார்கள். வெட்டிய தலைகளைத் தூக்கிக் காட்டுவது உதவிப்படை வீரர்கள், பெரும்பாலும் ரோமக் குடியுரிமை இல்லாதவர்கள். ஒருவன் எதிரியின் தலையை முடியோடு பல்லில் கவ்விக்கொண்டே சண்டை போடுகிறான், கீழ்ச் சுற்றுகளில் தேடு. பெண்கள் தீப்பந்தத்தால் ஆண்களைச் சுடும் காட்சியும் உண்டு. யார் யாரைச் சுடுகிறார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓயவில்லை.

டெசிபாலஸ் மரத்தடியில் வளைகத்தியைக் கழுத்தில் வைக்கும்போது கை நீட்டிப் பாயும் குதிரைவீரன், டைபீரியஸ் கிளாடியஸ் மாக்சிமஸ் என்பவனாக இருக்கலாம். அவன் கல்லறைக் கல் 1965இல் கிரேக்கத்தில் கிடைத்தது. அரசனின் தலையை டிராஜனிடம் கொண்டுபோனவன் தானே என்று அதில் பொறித்திருக்கிறான். உச்சியில் நிற்பவரை டிராஜன் என்று எண்ணிவிடாதே. 1587இல் போப் ஏற்றிய பேதுரு அவர்.

அன்றைக்கே நடந்து போய் பிற்காலப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸின் தூணையும் பார். அதில் செதுக்கல் ஆழம், உருவங்கள் பெரிது. கீழே நின்றே படிக்கலாம். வரிசையாகத் தலை வெட்டுகிறார்கள், பெண்களை முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். டிராஜன் தூண் பூசி மெழுகியது எவ்வளவு என்பது அங்கே நின்றால் தெரியும். மறுநாளுக்குத் தள்ளாதே, முதலாவது கண்ணில் மங்கிவிடும்.

அப்பா